பரணில் கிடக்கும் எண்பதுகளின் கேசட் பெட்டி: ஓடவிடுவதா, கணினியில் ஏற்றுவதா, கடையில் கொடுப்பதா, விட்டுவிடுவதா?

எண்பதுகளில் வளர்ந்தவர்கள் வீட்டுப் பரணில் அநேகமாக ஒரு பெட்டி இருக்கும். செருப்புக் கடை அட்டைப்பெட்டி, இல்லாவிட்டால் கைப்பிடி போன சூட்கேஸ். திறந்தால் கேசட்டுகள். முதுகில் ஒட்டிய சீட்டில் நீல மையில் யாருடைய கையெழுத்தோ. போன பொங்கலிலிருந்து மட்டும் நான்கு பேர் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். வீடு மாற்றப் போகிறோம், தூக்கிப் போட மனசு வரவில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

என் வீட்டுப் பெட்டியில் 140 கேசட் இருந்தன. இரண்டு வருடம் அவற்றோடு மல்லுக்கட்டி, பலதைக் காப்பாற்றி, இரண்டை இழந்த பிறகு இப்போதுதான் பெட்டி காலியானது. நான்கு வழிகளிலும் நடந்து பார்த்துவிட்டதால் எது எங்கே கைகொடுக்கும், எங்கே கையைக் கடிக்கும் என்று சொல்ல முடியும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி: இந்த ஒலி வேறு எங்காவது கிடைக்குமா? மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். 17 ரன்னுக்கு 5 விக்கெட் விழுந்திருந்த நேரம். சரியாக ஒரு வாரம் கழித்து லார்ட்ஸில் இந்தியா உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்த 175-க்கு ஒளிப்பதிவே இல்லை. ஒரு நாடே கொண்டாடும் ஆட்டத்துக்கு இந்த நிலை என்றால், உங்கள் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பாடிய பாட்டுக்கு உங்கள் பெட்டியை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

இரண்டாவது, நேரம். கேசட்டைக் கணினியில் ஏற்றக் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேர கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, பணம். கேசட் கையில் இருப்பதால் செலவில்லை என்று தோன்றும். ஆனால் ஓட்டும் கருவி வேண்டும், அது வேலை செய்ய வேண்டும், அது பழுதானால் பார்க்க ஆள் வேண்டும்.

நான்காவது கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வேண்டியது அந்த ஒலியா, அல்லது பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று விழும் அந்தச் சத்தம், ஏ சைடு முடிந்து பி சைடுக்குத் திருப்பும் அந்தக் கை வேலை, இதெல்லாமா? இரண்டுமே நியாயமான ஆசைதான். ஆனால் இரண்டுக்கும் வழி வேறு.

## முதலில் பெட்டியைப் பிரியுங்கள்

எந்த வழி என்று யோசிக்கும் முன் தரையில் ஒரு போர்வையை விரித்துப் பெட்டியைக் கொட்டுங்கள். நான்கு குவியல் போதும்.

கடையில் வாங்கிய கேசட். படப்பாடல்கள், பக்திப் பாடல்கள், கதை வசனம். இளையராஜா உச்சத்தில் இருந்த பத்தாண்டு என்பதால் பெரும்பாலான பெட்டிகளில் இந்தக் குவியல்தான் பெரிது. பாடல்களில் பெரும்பகுதி இன்று கைபேசியிலேயே கிடைக்கும். கதை வசன கேசட் அப்படியில்லை, அதைத் தனியே எடுத்து வையுங்கள். 1984-ல் வந்த 'விதி' படத்தின் வசன கேசட் டீக்கடை ஒலிபெருக்கியில் மணிக்கணக்காக ஓடியதைக் கேட்டவர்களுக்கு, படம் பார்ப்பதும் வசனம் கேட்பதும் வேறு வேறு அனுபவம் என்று தெரியும்.

ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது. ஒரு பிளாங்க் கேசட்டும் கையால் எழுதிய பட்டியலும் கொடுத்தால், ஒரு வாரம் கழித்துப் பன்னிரண்டு பாட்டோடு திரும்பி வரும். பாட்டுகள் எங்கும் கிடைக்கும். அந்த வரிசை கிடைக்காது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று உங்கள் அண்ணனோ அக்காவோ யோசித்து எழுதியது அது. எனவே இவற்றில் முதலில் காப்பாற்ற வேண்டியது உள்ளே மடித்து வைத்த அந்தச் சீட்டைத்தான். கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். அதே வரிசையில் கைபேசியின் பாட்டுச் செயலியில் ஒரு பட்டியல் போட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

வானொலி, டிவியிலிருந்து பிடித்தது. இந்தக் குவியலைப் பலர் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். தயவுசெய்து ஒதுக்காதீர்கள். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள். டெல்லியிலிருந்து "ஆகாஷவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்று தொடங்கும் அந்தக் குரல். அன்று காற்றில் போனதில் எத்தனையோ மணி நேரம் வீட்டு டேப் ரெக்கார்டரில் மட்டும் தங்கியிருக்கலாம். 1984 அக்டோபர் 31, 1987 டிசம்பர் 24 என்று தேதி எழுதிய கேசட் இருந்தால் அது இந்திரா காந்தியும் எம்.ஜி.ஆரும் மறைந்த நாள். எங்கள் பெட்டியில் இரண்டாவது தேதியிட்ட கேசட் ஒன்று இருந்தது. சோக இசைக்கு நடுவே, பக்கத்து வீட்டுப் பாட்டி விசும்புவதும் அதில் பதிவாகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் டிவி முன்னால் டேப்பை வைத்து "யாரும் பேசக்கூடாது" என்று அதட்டிவிட்டுப் பதிந்தவையும் இந்தக் குவியல்தான். பாட்டுக்காகக் கேட்டால் தரம் மோசம். மின்விசிறிச் சத்தம், கதவு தட்டும் சத்தம், யாரோ இருமுவது எல்லாம் கேட்கும். இன்று அந்த இருமலுக்காகத்தான் அதைக் கேட்கிறேன். அது என் அப்பாவுடையது.

வீட்டுக் குரல்கள். கல்யாண நாதஸ்வரம், குழந்தை மழலை, பாட்டியின் தாலாட்டு. இன்னொன்றும் உண்டு: கேசட் கடிதம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் ட்ரங்க் கால் செலவு கட்டுப்படியாகாமல் ஒரு கேசட் முழுக்கப் பேசி, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டார் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்புவார்கள். குவைத்திலிருந்து என் பெரியப்பா 1986-ல் அனுப்பிய ஒன்று எங்களிடம் இருக்கிறது. இந்தக் குவியலில் எத்தனை இருக்கிறது என்பதுதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். எனக்கு 140-ல் 11 இருந்தன.

## வழி 1: பழைய கருவியைச் சரிசெய்து ஓடவிட்டுக் கேட்பது

அனுபவம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. நல்ல நிலையில் இருக்கும் டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி), நன்றாகப் பதிந்த கேசட் இன்றும் கேட்க இதமாக இருக்கும்.

சிக்கல் கருவியில். முப்பது வருடம் சும்மா இருந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைத் திறந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தார் போல் உருகி ஒட்டியிருக்கும். நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலர் இறுகி வழுக்கும். அப்படிப்பட்ட கருவியில் போட்டால் நாடா சுற்றிக்கொண்டு கசங்கிவிடும். நான் இழந்த இரண்டில் ஒன்று இப்படித்தான் போனது. ஆசை தாங்காமல் முதல் நாளே அக்காவின் அரங்கேற்றப் பாட்டு கேசட்டைப் போட்டேன். அதனால் சொல்கிறேன், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை முதலில் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் முழுசாக ஓடினால்தான் நல்ல கேசட்டைத் தொட வேண்டும்.

சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் பெல்ட்டும் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார். மற்ற ஊர்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கருவி மறுபடி பழுதாகும்போது அவர் இருப்பாரா என்பதும் ஒரு செலவுக் கணக்குதான். அப்புறம், ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடா கொஞ்சம் தேயும். தொண்ணூறு நிமிட கேசட்டில் கூடுதல் கவனம் வேண்டும். அறுபது நிமிட கேசட்டில் சுமார் 86 மீட்டர் நாடா இருக்கிறது. அதே கூட்டுக்குள் 130 மீட்டர் அடைக்க வேண்டும் என்பதற்காகத் தொண்ணூறில் நாடாவை மெல்லிசாக்கியிருப்பார்கள். சீக்கிரம் நீளும், சிக்கும்.

கடையில் வாங்கிய பாடல் கேசட்டை அந்தக் காலம் போலவே கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரியான வழி. வீட்டுக் குரல்களுக்கு இதை மட்டும் நம்பாதீர்கள்.

## வழி 2: வீட்டிலேயே கணினியில் ஏற்றுவது

என் ஓட்டு இதற்குத்தான். எல்லா கேசட்டுக்கும் இல்லை, மூன்றாவது நான்காவது குவியலுக்கு.

தேவையானவை மூன்று: ஒழுங்காக ஓடும் டெக், ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் சிறிய யுஎஸ்பி ஆடியோ கருவி, ஆடாசிட்டி மாதிரி ஓர் இலவச மென்பொருள். மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்குக்கானது. அதில் நேரடியாகச் செருகினால் ஒலி உடைந்தும், இடது, வலது ஸ்பீக்கர் ஒலிகள் ஒன்றாகக் கலந்தும் பதிவாகும். அதற்காகத்தான் அந்த யுஎஸ்பி கருவி.

கேசட்டையே நேராக யுஎஸ்பியில் மாற்றித் தரும் சின்னக் கையடக்கக் கருவிகள் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. நானும் ஒன்று வாங்கினேன். வேகம் நிலையாக இருப்பதில்லை, நாதஸ்வரம் அழுவது போல் கேட்டது. பேச்சுக்கு மட்டும் வேண்டுமானால் தாங்கும். இசைக்கு வேண்டாம்.

செய்யும்போது தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

ஒரு பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்து, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடையுங்கள். ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை மறுபடி. துடைத்த பஞ்சு பழுப்பு நிறமாக வரும். அது நாடாவிலிருந்து உதிர்ந்த துகள்.

ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தால் கேசட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதிந்த கருவியின் ஹெட்டும் ஓட்டும் கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லை என்றாலே அப்படித்தான் கேட்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கேசட் ஓடும்போதே அதை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் குரல் பளிச்சென்று திறந்துகொள்ளும். பெரியப்பாவின் கேசட்டில் அப்படித் திறந்த நொடியில் பெரியம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருந்தால், ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட்டைத் திறந்து அந்தக் கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம். மேசையில் வெள்ளைத் துணி விரித்துச் செய்யுங்கள்.

நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். கடலோர ஊர்களில் சகஜம். அதை ஓட்டாதீர்கள். அந்த ஒன்று ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். தனிப் பையில் போட்டு வையுங்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியது அது.

கோப்பைத் தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். ஒரு மணி நேர கேசட் வேவ் கோப்பாகச் சுமார் 600 எம்பி வரும். ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதி. கேட்பதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் எம்பி3 தனியே எடுத்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். ஓடும் ஒரு மணி நேரம் போக, சுத்தம் செய்வது, பெயரிடுவது, சரிபார்ப்பது என்று என் கணக்கில் ஒரு கேசட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வாரம் இரண்டு கேசட் என்றால் 140-க்கு 70 வாரம். குவியல் பிரித்திருந்தால் முதல் 11-ஐ ஒன்றரை மாதத்தில் முடித்திருப்பேன். வரிசையாக எடுத்துக்கொண்டு போனதில் பாட்டியின் தாலாட்டுக்கு வர ஒரு வருடம் ஆகிவிட்டது. அதற்குள் அத்தை காலமாகிவிட்டார். அவர் கேட்டிருக்க வேண்டிய பாட்டு அது.

## வழி 3: கடையில் கொடுத்து மாற்றுவது

கல்யாண வீடியோ மாற்றித் தரும் கடைகள் பல ஊர்களில் கேசட்டும் எடுக்கின்றன. நேரமில்லாதவர்களுக்கும், கருவி வாங்கி வைக்க இடமில்லாதவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து இரண்டு வார விடுமுறையில் வந்து பெட்டியைக் கண்டெடுத்தவர்களுக்கும் இது பொருத்தம்.

கேசட் கணக்கில் பணம் என்பதால் 140-ஐயும் தூக்கிக் கொடுத்தால் தொகை சட்டென்று ஏறும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் ஒரு கடையில் பாட்டியின் கேசட்டைக் கொடுத்தபோது இரைச்சலை நீக்கித் தருகிறோம் என்றார்கள். இரைச்சலோடு மூச்சும் போய்விட்டது. தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல் இருந்தது. எம்பி3 மட்டும் கொடுத்ததால் திருத்தவும் வழியில்லை. நல்லவேளை கேசட்டைத் திருப்பி வாங்கியிருந்தேன், வீட்டில் மறுபடி ஏற்றினேன்.

கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். எந்த மாற்றமும் செய்யாத முழுக் கோப்பு வேவ் வடிவில் கிடைக்குமா? என்ன டெக்கில் ஓட்டுகிறார்கள், கையடக்கக் கருவியா? அவர்கள் இடத்திலேயே செய்கிறார்களா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா? கேசட், உறை, சீட்டு மூன்றும் திரும்பி வருமா? முதலில் ஒன்றே ஒன்று கொடுத்து, வீட்டில் ஹெட்போனில் கேட்டுவிட்டுப் பிறகு மற்றதைக் கொடுங்கள்.

## வழி 4: செயலியில் கேட்டுக்கொண்டு பெட்டியை விட்டுவிடுவது

முதல் இரண்டு குவியலுக்கு இது போதும் என்பதே என் எண்ணம். தேய்ந்த நாடாவிலிருந்து ஏற்றுவதைவிட, நிறுவனத்திடம் இருக்கும் மூலத்திலிருந்து வரும் பாட்டு தெளிவாக இருக்கும்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். செயலியில் இன்று இருக்கும் பாட்டு உரிமம் மாறினால் நாளை காணாமல் போகும். படத்தில் வராமல் கேசட்டில் மட்டும் வந்த பாட்டு, ஊர்க்கோயிலுக்காகப் பாடிப் பதிந்த பக்திப் பாடல், உள்ளூர்க் குழுவின் நாடகம் போன்றவை எங்கும் ஏறியிருக்காது. ஒவ்வொரு கேசட்டையும் பெயர் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைப்பதை மட்டும் விடுங்கள். கிடைக்காதது மூன்றாவது குவியலுக்குப் போகட்டும்.

விடுவது என்றால் குப்பையில் போடுவது என்று அர்த்தமில்லை. கேசட் சேகரிப்பவர்கள் இப்போது நிறைய. இலங்கை வானொலிப் பதிவோ ஈழத்து நாடகமோ இருந்தால், ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்து வரும் நூலகம் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம். வெளியான பாடல்களை நீங்களே இணையத்தில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. எண்பதுகளின் பாடல் எதுவும் இன்னும் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

## ஒரே பார்வையில்

| | ஓடவிட்டுக் கேட்பது | வீட்டில் ஏற்றுவது | கடையில் கொடுப்பது | செயலியில் கேட்பது |
|---|---|---|---|---|
| வேறெங்கும் கிடைக்காத குரல் தங்குமா | நாடா உள்ளவரை | தங்கும் | தங்கும், முழுக் கோப்பு வாங்கினால் | தங்காது |
| உங்கள் நேரம் | கேட்கும் நேரம்தான் | கேசட்டுக்கு 2 மணி நேரம் | பிரிக்கவும் சரிபார்க்கவும் மட்டும் | ஒவ்வொன்றாகத் தேடும் நேரம் |
| பணம் | கருவி, பழுது, மறுபடி பழுது | கருவி ஒருமுறை | ஒவ்வொரு கேசட்டுக்கும் | சந்தா |
| கண்ணில் படாத செலவு | நாடா தேய்வது, சிக்குவது | பாதியில் அலுத்து நிற்பது | அளவு மீறிய இரைச்சல் நீக்கம் | பாட்டு மறைவது, வரிசை தொலைவது |
| எந்தக் குவியலுக்கு | கடை கேசட் | வானொலி, வீட்டுக் குரல்கள் | வீட்டுக் குரல்கள், பூஞ்சணம் பிடித்தவை | கடை கேசட், சென்டரில் பதிந்தவை |

## உங்கள் வீட்டுக்கு எது

வீட்டுக் குரல்கள் இருபதுக்குள் இருந்து, மாலையில் உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றால் நீங்களே ஏற்றுங்கள். கூட ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். பேசுவது யார், பாடுவது யார், எந்த வருடம் என்று அவர் சொல்லச் சொல்லக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கடையைவிட வீடு மேல் என்பேன். கடைக்காரருக்கு எல்லாம் 'கேசட் 7, சைடு பி' தான்.

ஐம்பதுக்கு மேல் குரல் கேசட் இருந்து, வேலை நெருக்கடியும் இருந்தால் கடைதான். மேலே சொன்ன கேள்விகளோடு போங்கள்.

பெட்டி முழுக்கப் படப்பாடல் என்றால் சீட்டுகளைப் படம் எடுத்துவிட்டுச் செயலிக்குப் போய்விடலாம். மிகப் பிடித்த பத்தை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டெக் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடவிடலாம்.

எதுவும் முடிவாகவில்லை, ஒரு வருடம் தள்ளிப் போடத்தான் வேண்டும் என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். ஒவ்வொரு குரல் கேசட்டின் மேல் விளிம்பிலும் இரண்டு மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நான் இழந்த இரண்டாவது கேசட் அப்படி அழிந்ததுதான். பிறகு பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, ஒலிபெருக்கிக்கும் காந்தத்துக்கும் எட்டத்தில், வெயில் படாத பீரோவில், கேசட்டுகளை நிற்க வைத்து அடுக்குங்கள். ஐப்பசி அடைமழை பிடிக்கும் முன் செய்துவிடுங்கள்.